மாரிச்செல்வியின் வலது கை

கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்கள் என்னைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் முதலில் கேட்பது பஸ் விபத்தைப் பற்றித்தான். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகு மருத்துவமனையில் கழித்த ஏழு மாதங்களைச் சொல்லத்தான் இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை. என் முதுகெலும்பு உடைந்ததும் கால்கள் போனதும் ஊருக்கே தெரியும். அந்த ஏழு மாதமும் இன்னொருத்தியின் கையைப் பார்த்துப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் மண்ணூர். வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர் ஹார்னஸ் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. ஒரு காருக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் நிறம் பார்த்துச் சேர்த்து, குழாய்க்குள் விட்டு, முனைகளில் பின் செருகி, கட்டாகக் கட்டித் தருவோம். பலகைக்கு முன்னால் நின்றபடி எட்டு மணி நேரம் விரல்கள் மட்டும் ஓட வேண்டும். எங்கள் லைனில் என் விரல்தான் வேகம் என்று ஆறு வருடம் பெயர் வாங்கியிருந்தேன். பிறகு மாரிச்செல்வி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, ஒரகடத்தில் ஹாஸ்டலில் அறைக்கு ஆறு பேரில் ஒருத்தி. மூன்றே மாதத்தில் சூப்பர்வைசர் புது ஆட்களைக் கூட்டிவந்து அவள் கையைக் காட்டி, “இப்டிப் போடணும்” என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் என்னை விட்டு நகரவே மாட்டாள். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் “எஸ்தரக்கா எங்க?” என்றுதான் வருவாள்.

அன்றும் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். ஜூலை மாதம், முதல் ஷிப்ட், லேசான தூறல். வடக்குப்பட்டுப் பக்கம் ரோட்டோரத்தில் விளக்குப் போடாமல் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. டிரைவர் கடைசி நேரத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தார். பஸ் லாரியை உரசிக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்தது. ஜன்னலோரம் இருந்த மாரிச்செல்வியின் வலது கை கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் வந்தது. நான் சீட்டோடு பிய்த்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கக் கம்பியில் முதுகு அடிபட விழுந்தேன்.

முழங்கைக்குக் கீழே கிழிந்து ரத்தம் கொட்ட அவள் அலறினாள். எனக்கு ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முதுகில் ஒரு பெரிய வலி வந்தது, அதற்குக் கீழே எதுவுமே வலிக்கவில்லை. படுத்தபடியே, “ஒண்ணும் இல்லடி, கத்தாத, ஆம்புலன்ஸ் வந்துகினு கீது” என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். உள்ளுக்குள் கர்த்தருக்கு நன்றி கூடச் சொன்னேன். பாவம் அந்தப் பொண்ணு, நல்ல வேளை நமக்கு அடி இல்லை என்று.

யாரோ என்னைத் தூக்க வந்தபோதுதான் செருப்பு கழன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். காலில் தெரியவில்லை.

ரோட்டோரத்துச் சின்ன மருத்துவமனையில் முதலுதவி செய்து, இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் நெடுநேரம் காத்துக் கிடந்தேன். என் வீட்டுக்காரர் ஜோசப் கம்பெனி யூனிபார்மோடு ஓடிவந்து தலைமாட்டில் நின்றார். அவர் இன்னொரு கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, காலையும் தடவிக்கொண்டிருந்தார் என்று பிறகு அம்மா சொன்னாள். கையைப் பிடித்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு சாவியின் முனையால் என் உள்ளங்காலில் கோடு இழுத்தார். பஞ்சால் தடவினார், ஊசியால் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டு தெரியும்போது சொல்லச் சொன்னார். தொப்புளுக்கு மேலே வந்தபோதுதான் “இப்போ தெரியுது” என்றேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. உடைந்த எலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் வைத்துச் சேர்த்தார்கள். கண் விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் மாரிச்செல்வி, கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக் கிடந்தாள். அவளுக்கும் அதே வாரம் அறுவை சிகிச்சை. முன்கையில் அறுந்திருந்த இரண்டு பெரிய நரம்புகளை, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்திருந்தார்கள். அவள் விரல்களில் அப்போது அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. “எனக்குக் கை இல்ல, உங்களுக்குக் கால் இல்லக்கா” என்று அழுதாள். அந்த ஒரு வாரம் எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை. அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்த வாரம் அதுதான்.

ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் அவளிடம் சொன்னதைக் கேட்டதும் அது முடிந்தது.

“தைச்ச இடத்துல இருந்து நரம்பு வளரும்மா. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்கோ. விரல் நுனி வரைக்கும் போய்ச் சேர பத்து மாசம், ஒரு வருஷம் ஆகும். பொறுமையா எக்சர்சைஸ் பண்ணு.”

என் கட்டிலுக்கு வந்தபோது அவர் காயத்தைப் பார்த்தார், சிறுநீர்ப் பையைப் பார்த்தார், புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்று கேட்டார். வளர்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“டாக்டர், அவளுக்கும் நரம்புதான் அறுந்துச்சு. எனக்கும் நரம்புதான். அவளுக்குத் தைச்சீங்க. எனக்கு ஏன் தைக்கலே?” என்றேன்.

சின்ன வயதுக்காரர்தான். நழுவிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கையில, கால்ல ஓடுற நரம்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு உறை இருக்கும்மா. நரம்பு அறுந்தா, அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற துண்டு செத்துப்போகும். ஆனா உறையில இருக்கிற செல்லு சாகாது. அது செத்த குப்பைய அள்ளிப் போட்டுட்டு, வெறும் குழாயா வழிவிட்டு நிக்கும். இங்க வா, இப்படி வான்னு புது நரம்பைக் கூப்பிடும். அதனால வளரும். மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் இருக்கிற நரம்புக்குப் பக்கத்துல இருக்கிறது வேற மாதிரி செல்லு. அது குப்பைய சீக்கிரம் அள்ளாது. அந்தக் குப்பையே வளராதேன்னு தடுக்கும். அடிபட்ட இடத்துல தழும்பு சுவர் மாதிரி ஏறிடும். போதாக்குறைக்கு, நாம பெரியவங்களானதும் அந்த நரம்புகளுக்கு வளர்ற வேகமும் குறைஞ்சு போயிடுது. தைக்கிறதுக்கும் அங்க ஒண்ணுமில்ல. உங்களுக்கு அறுந்துபோகல, நசுங்கியிருக்கு.”

“கடவுள் அவ கையில வச்சத என் முதுகுல வைக்கலையா?”

“உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. எப்போன்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருந்தவங்களுக்கு நல்லா முன்னேற்றம் வந்திருக்கு. உங்களுக்கு இப்போதைக்கு அது தெரியல. ஆனா கை பலமா இருக்கு. உட்காரலாம், நாற்காலி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம்.”

அவர் நேர்மையாகத்தான் பேசினார். எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் தங்கியது: வளரும். பக்கத்துக் கட்டிலில் வளரும். எங்கள் லைனில் ஒயர் அறுந்தால் அது கழிவுப் பெட்டிக்குத்தான் போகும், எந்த ஒயரும் தானாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்குள் மட்டும் அந்த அதிசயம் நடந்துகொண்டிருந்தது, ராத்திரியும் பகலுமாக, அவள் தூங்கும்போது கூட.

இரண்டு வாரத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைப் புனர்வாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் சங்கரன்கோவிலுக்குப் போகவில்லை. ஊரில் அம்மாவிடம் சின்னக் காயம் என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலிலேயே தங்கி, திங்கள், புதன், வெள்ளி என்று பஸ் ஏறி பிசியோதெரபிக்கு வந்தாள். வந்தால் முதலில் என் கட்டிலுக்குத்தான் வருவாள். இடது கையாலேயே எனக்குத் தலை வாரிவிடுவாள். என் அம்மா ஜோசப்புக்கும் எனக்கும் கொண்டுவரும் சோற்றில் அவளுக்கும் ஒரு பங்கு வைத்தாள்.

அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியாமலே சதை அழுகும். சிறுநீரைக் குழாய் வைத்து நாமே எடுக்கப் பழகலாம், வெட்கம் ஒரு வாரம்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒரு வழுக்குப் பலகை உண்டு. ஜோசப் இதையெல்லாம் என்னோடு உட்கார்ந்து நர்ஸிடம் கற்றார். ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தும் என் கணுக்காலை மடக்கி நீட்டிவிடாமல் போனதில்லை. “நரம்பு இல்லாட்டி இன்னா, மூட்டு இறுகிடக் கூடாது எஸ்தரு” என்பார்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் உடம்பை அல்ல. பிசியோ மேடம் கவிதா, மாரிச்செல்வியின் முன்கையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே கீழே வருவார். ஓரிடத்தில் அவளுக்கு விரலெல்லாம் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுர்ரென்று இழுக்கும். புது நரம்பின் முனை அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்த மாதம் தட்டினால் புள்ளிக்குக் கீழே சுர்ரென்னும். புதுப் புள்ளி.

“அக்கா, இங்க வரைக்கும் வந்துட்டு!” என்று ஓடிவந்து காட்டுவாள். நான் சிரித்து, “சூப்பர்டி” என்பேன். அவள் போனதும் போர்வைக்குள் என் தொடையைக் கிள்ளுவேன். நகம் பதிந்த தடம் இருக்கும். கிள்ளியது தெரியாது.

அவளுக்கு வலி வந்தது. நரம்பு வளரும்போது கை தீப்பிடித்ததுபோல் எரிகிறது என்று அழுதாள். அந்த வலியைக் கூட நான் பொறாமையோடு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ண வந்த பாஸ்டர், “சகோதரி, என்ன கேட்டு ஜெபிக்கட்டும்?” என்றார். “உங்க சித்தம் பாஸ்டர்” என்றேன். அவர் கண்ணை மூடி என் கால்களுக்காக மன்றாடிக்கொண்டிருந்தபோது, நான் உள்ளுக்குள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளி அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று கேட்டேன். நான் நடக்க வேண்டும் என்று அன்று கேட்கவே இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு சாயங்காலம். ஜோசப் என் காலைத் தூக்கி மடக்கும்போது, வலது கால் அவர் பிடியிலிருந்து திமிறி உதைத்தது. இருவரும் உறைந்துபோனோம். இன்னொரு முறை தொட்டார். மறுபடி உதைத்தது.

“எஸ்தரு! இன்னாமே, நீயா ஆட்ன?”

நான் ஆட்டினேனா? ஆட்ட நினைத்தேன், அது ஆடியது. ஆமாம் என்றுதான் தோன்றியது. “நான்தாங்க! நான்தான் ஆட்னேன்!” என்று கத்தினேன். அம்மா தரையில் முழங்காலிட்டுவிட்டாள். ஜோசப் வார்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார், யாரோ கை தட்டினார்கள். டாக்டர் சொன்ன தழும்புச் சுவர் எல்லாருக்கும் ஏறாது போலிருக்கிறது, எனக்கும் வழிவிட்டுவிட்டது என்று நம்பினேன். அன்று முதல் தடவையாக மாரிச்செல்வியை நினைத்தபோது நெஞ்சு எரியவில்லை. நாளைக்கு வரட்டும், காட்டுகிறேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை டாக்டர் வந்தார். காலைத் தட்டினார், உதைத்தது. பிறகு என் கண்ணை மூடச் சொல்லி, “இப்போ நான் தொடல. நீங்களா ஆட்டுங்க” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன். “ஆட்டிட்டீங்களா?” என்றார். “ஆட்டிட்டேன்” என்றேன். கண்ணைத் திறந்தால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது ஸ்பாசம்மா. அடிபட்ட இடத்துக்குக் கீழ இருக்கிற தண்டுவடம் உயிரோடதான் இருக்கு. மூளைகிட்ட கேக்காம அதுவா காலை உதைக்குது. நிறைய பேருக்கு இந்தச் சமயத்துல வரும். ரொம்ப இழுத்தா மாத்திரை தரேன்.”

ஜோசப் அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தார், நல்ல செய்தி கேட்பதற்காக. வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு என்னைப் பிசியோதெரபி கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைப் பயிற்சிக்காக ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த கூடம் அது. மாரிச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்கையில் புதுப் புள்ளி. மணிக்கட்டை நோக்கி நன்றாக இறங்கியிருந்தது.

“எக்கா, பாத்தியளா, இந்த மாசம் எம்புட்டு வந்துட்டு! மணிக்கட்டு தாண்டிட்டா பெறவு உள்ளங்கைதானாம். ஆமா, உங்க காலு ஆடிச்சாமே? உங்க அம்மா போன்ல சொன்னாவ. நான் சாமிக்கு வெளக்குப் போட்டேன்க்கா.”

“அது ஒண்ணும் இல்ல” என்றேன்.

அம்மா அப்போதுதான் கேன்டீனிலிருந்து சுடச்சுடக் கஞ்சி வாங்கிவந்த எவர்சில்வர் தூக்குவாளியை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, டம்ளர் எடுக்கப் போனாள். மாரிச்செல்வி எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடி என்னோடு பேசினாள். பேசும்போது அவள் வலது கை பின்னால் போய், விரல்கள் தூக்கின் மேல் சாய்ந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் எவர்சில்வரில் ஒட்டியபடி இருந்தன. மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது.

உணர்ச்சி இல்லாத கையைச் சூடு படாமல் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கவிதா மேடம் எங்கள் இருவருக்கும் சேர்த்தே நூறு தடவை சொல்லியிருக்கிறார். அதெல்லாம் எனக்கு அந்த நொடியில் ஞாபகம் இருந்தது. கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். “கைய எடுடி” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் தலையாட்டினேன். அந்த விரல்களையே பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு இழுத்து விட்டது ஞாபகம் இருக்கிறது. இன்னொரு மூச்சும்.

கூடத்தின் மறுகோடியிலிருந்து கவிதா மேடம்தான் அலறினார். “மாரி! கைய எடு!”

இரண்டு விரலிலும் கொப்புளம் எழும்பியது. மேடம் அவளைத்தான் திட்டினார். “எத்தனை வாட்டி சொல்றது? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?” அவள் தலையைக் குனிந்து நின்றாள். வலிக்கவில்லை அவளுக்கு. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா, “ஐயோ, நான் தூக்க அங்க வெச்சிட்டுப் போனேனே” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். ஜோசப் தண்ணீர் கொண்டுவர ஓடினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. விரல்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் கட்டு. அந்த நாட்களில் பயிற்சி நின்றதால் சுண்டு விரல் மடங்கியபடி இறுகிவிட்டது. நரம்பு வந்து சேரும்போது விரல் நிமிராமல் கிடந்தால் என்ன பிரயோசனம் என்று கவிதா மேடம் கவலைப்பட்டார். என் பொறாமை கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு நாள் கூட அதில் எனக்கு நிம்மதி இருக்கவில்லை. அதே சமயம், கட்டுப் போட்ட கையோடு அவள் உள்ளே வரும்போது எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருந்தன. இதை மறைத்து எழுதினால் இதை எழுதியே இருக்க வேண்டாம்.

கட்டுப் போட்டபோதும் அவள் வருவதை நிறுத்தவில்லை. தலை வாரிவிட்டாள். அம்மா கொடுத்த சோற்றைச் சாப்பிட்டாள். முன்போல் அதிகம் பேசவில்லை. வலியினால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தோம். எனக்கு முதுகுக் கம்பியைப் பார்க்க, அவளுக்கு விரல் மூட்டைப் பார்க்க. அம்மா மருந்துச் சீட்டோடு போயிருந்தாள். வரிசை நகரவே இல்லை. அங்கேதான் பேச்சை எடுத்தேன்.

“செல்வி, அன்னிக்கி உன் கை தூக்கு மேல பட்டுகினு இருந்துச்சே…”

“தெரியும்க்கா.”

“இன்னா தெரியும்?”

“கண்ணாடில உங்க மொகத்தப் பாத்தேன். நீங்க என் கையவே பாத்துக்கிட்டு இருந்தீய. எதுக்கு இப்படிப் பாக்குதாவன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்குறதுக்குள்ள மேடம் கத்திட்டாவ.”

“உன் நரம்பு வளருது. என்னுது வளராது. அத்த என்னால தாங்க முடிலடி. பொறாமை.”

“அதுவும் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏண்டி என்னாண்ட வந்துகினு இருந்த?”

அவள் மடங்கிப்போன சுண்டு விரலை இடது கையால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற எங்கன போவேன்? ரூம்ல ஆறு பேரு, ஆளுக்கொரு ஷிப்ட். நான் போகும்போது எல்லாரும் போர்த்திப் படுத்திருக்காவ. எங்க அம்மைகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. சொன்னா ஊருக்கு வந்துருன்னு சொல்லிருவாவ. சாப்பிட்டியான்னு கேக்க இங்கன உங்க அம்மாவும் நீங்களுந்தான் இருக்கீய.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “கோவம் இல்லன்னு நெனச்சிராதீய. இருக்கு. அது போகும்போது போகட்டும்.”

“மன்னிச்சிடுடி” என்றேன்.

“என் கை முழுசும் சரியாயிட்டா உங்களுக்கு இன்னும் எரியுமாக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். “எரியும்” என்றேன்.

“சரி” என்றாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

பிப்ரவரியில் நான் மண்ணூருக்குத் திரும்பினேன். ஜோசப் வாசற்படியை உடைத்துச் சரிவு போட்டிருந்தார், குளியலறைக் கதவை அகலப்படுத்தியிருந்தார். ஜூனில் கம்பெனி என்னைச் சோதனை மேசைக்கு எடுத்துக்கொண்டது. கட்டி முடித்த ஹார்னஸில் பின் சரியாக இருக்கிறதா என்று உட்கார்ந்தபடி பார்க்கும் வேலை. என் கால்களில் எந்த மாற்றமும் இல்லை. மாத்திரை போட்டும் சில நாள் அவை தாமாக உதைத்துக்கொள்கின்றன. நான் அவற்றோடு பேச்சுவார்த்தை நடத்துவதில்லை.

மாரிச்செல்வியின் நரம்பு நிற்காமல் நடந்தது. கட்டைவிரலின் அடியில் செத்துக் கிடந்த சதை துடித்தது, பிறகு அசைந்தது. மே மாதத்தில் விரல் நுனிகளில் உணர்ச்சி வந்து சேர்ந்தது. வந்தது, ஆனால் மாறி வந்தது. மோதிர விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொடுவதாகத் தெரிந்தது. பஞ்சைத் தொட்டால் மணல் போலிருந்தது. தைத்த இடத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் வளரும்போது, சில தவறான குழாய்க்குள் போய்விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். சோதனை மேசையில் இப்படி ஒரு ஹார்னஸ் வந்தால், பின் மாறிவிட்டது என்று சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். உடம்பில் அப்படி முடியாது. மூளைதான் புது முகவரியைப் படிக்க வேண்டும். சுண்டு விரலும் முழுதாக நிமிரவில்லை. அவள் லைனுக்குத் திரும்பவில்லை, லேபிள் ஒட்டும் பிரிவில் போட்டார்கள். இப்போது இன்னொருத்தியின் கையைக் காட்டி சூப்பர்வைசர் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

மூளைக்குப் படிக்கக் கற்றுத்தர ஒரு பயிற்சி உண்டு. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஒரு விரலைத் தொட வேண்டும். எந்த விரல் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். தவறென்றால் பார்த்தபடியே மறுபடி தொட வேண்டும். பிறகு பொருள்களைத் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். தினமும், பல மாதம். “உனக்கு யாரும்மா செஞ்சு விடுவாங்க?” என்று கவிதா மேடம் போனில் கேட்டபோது, அவள் என்னைக் கேட்காமலே என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மண்ணூருக்கு வந்துவிடுவாள். முதல் வாரங்களில் அவள் என் கையில் தன் கையைக் கொடுத்துக் கண்ணை மூடும்போது எனக்குக் கூசும். அந்தத் தழும்பு இரண்டு விரலிலும் பளபளவென்று இருக்கிறது. அவள் தவறாகச் சொன்னால் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்க்கும். நான் “தப்பு, பாரு” என்று மட்டும் சொல்லி மறுபடி தொடுவேன். சரியாகச் சொன்னால், “சரி” என்பேன். அவளிடம் ஒரு நாளும் பொய்யாகச் சரி சொன்னதில்லை, பொய்யாகத் தப்பும் சொன்னதில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இந்த நவம்பரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. வாசலோரம் உட்கார்ந்து என் மடியில் ஒரு துண்டை விரித்து, சாவி, பொத்தான், புளியங்கொட்டை, பாட்டில் மூடி எல்லாம் போட்டிருந்தேன். அவள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து வலது கையால் துழாவினாள்.

“பொத்தான்.”

“சரி.”

“இது… புளியமுத்து.”

“சரி.”

மூன்றாவதைத் தேடிக் கை நகர்ந்தது. துண்டின் ஓரத்தைத் தாண்டி என் முழங்காலின் மேல் போய் நின்றது. நைட்டி விலகியிருந்த இடம். அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வேறு யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை என் மேல் இருந்தது எனக்குக் கண்ணில் மட்டும்தான் தெரிந்தது.

“இது உங்க முட்டியாக்கா?”

“ஆமா.”

“சில்லுன்னு கெடக்கே.” கண்ணைத் திறந்துவிட்டாள். “இம்புட்டுக் குளிரா இருக்கு, உங்களுக்குத் தெரியலையா?”

தெரியவில்லை. எவ்வளவு நேரமாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்ததோ. அவள் எழுந்துபோய்க் கொடியிலிருந்த போர்வையை எடுத்துவந்து, என் கால்களைச் சுற்றி இடுக்கில்லாமல் சொருகினாள். உள்ளங்கையை மறுபடி போர்வைக்குள் விட்டு, முட்டியின் மேல் வைத்து, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சு எரிந்தது. அவளிடம் சொன்னபடியே எரிந்தது.

“இப்போ எப்டிடி கீது?” என்று கேட்டேன்.

“இருங்க, இன்னும் சூடாகல” என்றாள்.